பிரபுவின் மாளிகை மக்களின் முதுசமான வரலாறு

(சட்டம் பயிலும் இளைஞர் மத்தியில் ஆற்றப்பட்ட உரை)

 

இங்கிலாந்து தேசத்தில், பிறிஸ்டல் நகருக்கு அண்மையில், விக்டோரியா மகாராணியார் காலத்தில் எழுந்த ஒரு மாளிகையைப் பற்றி இன்று பேச நாம் எண்ணியுள்ளோம். தலைப்பைக் கேட்டதும் உங்களிற் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். “இங்கிலாந்துப் பிரபு ஒருவன் கட்டிய வீடு நின்றால் என்ன, இடிந்தால் என்ன? அதனால் எமக்கு ஆவதென்ன?” என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்வி அது. அதனைத் தட்டிக் கழிக்க நாம் விரும்பவில்லை. அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

அம்மாளிகையின் பெயர் டின்ட்ஸ்பீல்ட். சமர்செட் பகுதியில், ராக்ஸல் என்னும் சிற்றூரில் அமைந்துள்ளது. வில்லியம் கிப்ஸ் என்னும் வணிகர் 1843 ஆம் ஆண்டில் அவ்வாதனத்தை விலைக்கு வாங்கினார். பின்னர், 1863 ஆம் ஆண்டு தொடக்கம் ஜோன் நோர்ட்டன் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு அதனைக் கொதிக் பாணியில் விரிவாக்கினார். கூரிய கோபுரங்களும், செதுக்கு வேலைப்பாடு நிறைந்த சாளரங்களும், வளைந்த நுழைவாயில்களும் கொண்டு அம்மாளிகை உயர்ந்தது. ஆதர் புளூம்பீல்ட் என்பார் அமைத்த வழிபாட்டு மண்டபம், 1870 களின் நடுப்பகுதியில் அதனோடு சேர்ந்தது. பாரிஸ் நகரின் செயின்ற் சப்பெல் ஆலயத்தைக் கண்டு அமைத்தது அது என்பர். 1875 ஆம் ஆண்டு வில்லியம் கிப்ஸ் காலமானார். அவருக்குப் பின் மேலும் மூன்று தலைமுறையினர் அங்கு வாழ்ந்தனர். அவர்கள் எதனையும் எளிதில் வீசி எறிந்தவர்கள் அல்லர். ஆகவே தட்டுமுட்டுச் சாமான் முதல் தைலவண்ண ஓவியம் வரை பல்லாயிரம் பொருள்கள் அவ்வீட்டில் அப்படியே தங்கிவிட்டன.

செல்வம் வந்த வழி

இத்துணைப் பெருஞ்செல்வம் எங்கிருந்து வந்தது? சட்டம் பயின்றோர் ஓர் உறுதியைக் கையில் எடுத்தால், முதலில் உரித்து வந்த வழியைத்தானே தேடுவர்? நாமும் அவ்வாறே தேடுவோம்.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரைக்கு அப்பால் சிஞ்சா என்னும் சிறு தீவுகள் உள. மழை அரிதான அத்தீவுகளிற் கடற்பறவைகளின் எச்சம் பல்லாண்டுகளாகப் படிந்து, மலைபோற் குவிந்து கிடந்தது. குவானோ என்னும் அந்த எச்சம் பயிர்களுக்குச் சிறந்த உரம் என்பதை ஐரோப்பா கண்டுகொண்டது. 1842 ஆம் ஆண்டில் அன்ரனி கிப்ஸ் கம்பனி பெரு அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்து அவ்வணிகத்தில் இறங்கிற்று. பின்னர் பிரித்தானியாவுக்கு அவ்வுரத்தை இறக்குமதி செய்யும் தனியுரிமையையும் பெற்றது. அக்கம்பனியின் தலைவரே வில்லியம் கிப்ஸ். பிரபுப் பட்டம் இல்லாத ஆங்கிலேயருள் அவரே பெருஞ்செல்வர் என்று ஊரார் பேசும் அளவுக்கு அவர் செல்வம் பெருகிற்று.

அவ்வுரத்தை வெட்டி எடுத்தவர் யாவர்? கண்ணையும் மூச்சையும் எரிக்கும் அத்தூசியின் நடுவே, நிழலற்ற பாறைகளின் மேல் நின்று உழைத்தவர்களுள் கைதிகள் இருந்தனர், அடிமைகள் இருந்தனர், 1849 ஆம் ஆண்டு முதல், ஒப்பந்தம் என்ற பெயரில் ஏமாற்றிக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளரும் இருந்தனர். 1874 ஆம் ஆண்டு வரையிலான கால் நூற்றாண்டிற் பெரு நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட சீனர் ஏறத்தாழ 90,000 முதல் 1,00,000 வரையினர். அவர்களிற் பெரும்பாலோர் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒரு பகுதியினர் இத்தீவுகளில் மாண்டனர். தொழிலாளரைக் கொண்டுவந்து வேலை வாங்கியவர்கள் பெரு நாட்டுக் குத்தகைக்காரர். உரத்தை வாங்கி விற்றது கிப்ஸ் கம்பனி. ஆயினும், அந்த உழைப்பு இன்றி அந்த மாளிகை இல்லை என்பதை எந்த நியாயவாதியாலும் மறுத்தல் இயலாது.

இனி எமது கேள்வி மேலும் கூர்மை பெறுகின்றது. இத்தகைய செல்வத்தில் எழுந்த ஒரு கட்டடத்தைக் காப்பதற்கு மக்கள் பணத்தைச் செலவிடுதல் தகுமா? இதனை மனத்தில் வைத்துக்கொண்டு, முதலிற் சட்டத்தின் கதையைக் கேட்போம்.

நம்பிக்கைப் பொறுப்பும் நிலநிதியும்

1895 ஆம் ஆண்டில் நாஷனல் டிரஸ்ட் என்னும் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் இங்கிலாந்தில் தோன்றிற்று. ஏழைகளின் குடியிருப்புகளுக்காக உழைத்த ஒக்ரேவியா ஹில் அம்மையார், ரோன்ஸ்லி என்னும் பாதிரியார், ரொபட் ஹன்ரர் என்னும் சட்டத்தரணி ஆகிய மூவருமே அதன் மூலவர்கள். பொதுமக்கள் நடமாடும் வெளிகளை நிலச்சுவாந்தர் வேலியடைத்துக் கொள்ளாதபடி, நீதிமன்றங்களில் வாதாடிப் பழகியவர் ஹன்ரர். வழக்கில் வென்றாலும், நிலத்தை மக்கள் சார்பில் உரிமையாக வைத்திருக்க ஒரு நிறுவனம் இல்லாவிட்டால் வெற்றி நிலைக்காது என்பதை அவர் அனுபவத்திற் கண்டார். 1907 ஆம் ஆண்டு பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அந்நிறுவனம் தன் ஆதனங்களைப் பராதீனப்படுத்த முடியாதவை என்று பிரகடனம் செய்யும் உரிமையை வழங்கிற்று. அவ்வாறு பிரகடனம் செய்தபின் அவ்வாதனத்தை விற்கவும் முடியாது. ஈடு வைக்கவும் முடியாது. பாராளுமன்றத்தின் விசேட நடைமுறை இன்றி அரசாங்கமே அதனைச் சுவீகரிக்க முடியாது.

அடுத்து, 1946 ஆம் ஆண்டு. போர் முடிந்திருந்தது. தொழிற் கட்சி அரசாங்கத்தின் நிதி மந்திரி ஹியூ டால்டன், போர்த் தளபாடங்களின் எச்சத்தை விற்றுப் பெற்ற பணத்திலிருந்து 5 கோடி பவுணை ஒதுக்கித் தேசிய நிலநிதி என ஒன்றை அமைத்தார். போரில் மாண்டோருக்குச் சிலை எழுப்புவதிலும், அவர்கள் காக்கப் போரிட்ட நிலத்தின் அழகை அனைவர்க்கும் உரிமையாக்குவதே மேலான நினைவுச்சின்னம் என்பது அவர் கருத்து. செல்வர் ஒருவர் இறந்தால் செலுத்தவேண்டிய மரணத் தீர்வைக்குப் பதிலாக நிலத்தையோ மாளிகையையோ அரசாங்கம் ஏற்கலாம்; திறைசேரிக்கு நேரும் இழப்பை அந்நிதி ஈடு செய்யும். நல்ல ஏற்பாடு அன்றோ?

ஆனால், பெட்டியிற் பணம் இருந்தால் திறைசேரியின் கண் அதன்மேற் படாமல் இருக்குமா? நிதி செலவாகாமற் கிடக்கின்றது என்று காரணம் காட்டி, 1957 ஆம் ஆண்டில் அதன் பெரும்பகுதியைத் திறைசேரி மீட்டுக்கொண்டது. மாண்டோரின் பெயரால் வைத்த பணத்தில் பெரும்பங்கு போயிற்று. எந்த ஆர்ப்பாட்டமும் நிகழவில்லை. மக்கள் காவல் செய்யாத நிதி அவ்வாறுதான் கரையும்.

பாட்டன் காலத்து இகழ்ச்சி

அக்காலத்தில் விக்டோரியா காலக் கட்டடங்களை இங்கிலாந்து மக்களே இகழ்ந்தனர் என்பதையும் இங்கு சொல்லுதல் வேண்டும். அவை அளவுமீறியவை, அலங்காரச் சுமை மிக்கவை, இடித்துப் போடத் தக்கவை என்றனர். பெற்றோர் காலத்துப் பாணி பழசு. பாட்டன் காலத்துப் பாணி வெட்கம். அதற்கும் முந்தியதே பொக்கிஷம் என்று கருதுவது மனித இயல்பு போலும். இவ்விகழ்ச்சியை எதிர்க்கவே 1958 ஆம் ஆண்டில் விக்டோரியன் சங்கம் தோன்றிற்று. ஜோன் பெற்ஜமன் என்னும் கவிஞரும், நிக்கொலஸ் பெவ்ஸ்னர் என்னும் கலை வரலாற்று அறிஞரும் அதில் முன்னின்றனர். இலண்டன் யூஸ்ரன் புகையிரத நிலையத்தின் மாபெரும் வாயிலைக் காக்க அவர்கள் போராடித் தோற்றனர். 1961 ஆம் ஆண்டின் இறுதியில் அதனை இடிக்கத் தொடங்கினர். அத்தோல்விக்குப் பின்னரே பலர் விழித்தனர்.

எமது ஊர்களிலும் நிலை வேறன்று. நாற்சார் வீட்டின் முற்றத்தை மூடிக் கொங்கிறீற் ஊற்றுவதை முன்னேற்றம் என்று நாம் கொண்டாடவில்லையா? பனை வளையையும் தேக்கந் தூணையும் விறகுக்கு விற்றவர் எத்தனை பேர்?

மென்ட்மோர்: தோல்வி தந்த சட்டம்

இப்பொழுது இன்னொரு மாளிகையைப் பற்றிக் கூறுதல் அவசியம். அதன் பெயர் மென்ட்மோர். பக்கிங்ஹாம்ஷயரில், றொத்ஸ்சைல்ட் குடும்பத்தவர் ஒருவருக்காக ஜோசப் பக்ஸ்ரன் 1850 களில் அமைத்தது. பின்னர் அது றோஸ்பெரி பிரபுக்களின் கைக்கு வந்தது. 1974 ஆம் ஆண்டில் ஆறாவது பிரபு இறந்தபோது, மரணத் தீர்வைக்கு மாற்றாக மாளிகையையும் அதன் கலைப்பொருள்களையும் சுமார் 20 இலட்சம் பவுண் மதிப்பில் அரசாங்கத்துக்குத் தர வாரிசுகள் முன்வந்தனர். அரசாங்கம் தயங்கிற்று, பேச்சு நீண்டது, இறுதியில் மறுத்துவிட்டது. நிலநிதியிற் பணம் இல்லாமலன்று, அப்பணம் திறைசேரியின் கணக்கில் இருந்தது, மனம் இருக்கவில்லை.

1975 ஆம் ஆண்டில் உருவான ‘பிரிட்டனின் மரபுரிமையைக் காப்போம்’ என்னும் இயக்கம் கூக்குரல் எழுப்பிற்று. பயன் இல்லை. 1977 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏலம் நடந்தது. மறுக்கப்பட்ட 20 இலட்சத்துக்கு மாறாக, பொருள்கள் மாத்திரமே 60 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயின. அந்த ஏலத்தில் வேறொரு ஓவியன் பெயரால் 8,000 பவுணுக்கு விலைப்பட்ட ஒரு சித்திரம், பிரெஞ்சு ஓவியர் பிரகொனார் தீட்டியது என்பது பின்னர் தெரிந்தது. அதனை அடுத்த ஆண்டே இலண்டன் தேசியக் கலைக்கூடம் பன்மடங்கு விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. எட்டாயிரத்துக்கு வேண்டாம் என்றதை நாடு எத்தனை மடங்கு கொடுத்து மீட்டது பார்த்தீர்களா?

அவமானம் சில வேளைகளில் நல்லாசான். பாராளுமன்றக் குழு நிலநிதியின் வரலாற்றை ஆராய்ந்தது. 1980 ஆம் ஆண்டில் தேசிய மரபுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. பழைய நிலநிதி நீங்கித் தேசிய மரபுரிமை நினைவு நிதியம் பிறந்தது. அதனைத் திறைசேரியின் கைக்கு எட்டாதபடி, சுயேச்சையான பொறுப்பாளரின் கையில் வைத்தனர். மென்ட்மோரைக் காக்க முடியவில்லை; ஆயினும் மென்ட்மோர் தோற்றதனால் ஒரு சட்டம் பிறந்தது. இயக்கம் நடத்துவோர் இதனை நெஞ்சிற் பதித்தல் வேண்டும். ஒரு வழக்கிற் தோற்பது வேறு. தோற்ற வழக்கைச் சட்டப் புத்தகத்தில் எழுதுவிக்காமல் வீடு திரும்புவது வேறு.

நூறு நாட்கள்

இனி டின்ட்ஸ்பீல்டுக்குத் திரும்புவோம். 2001 ஆம் ஆண்டில் இரண்டாவது ராக்ஸல் பிரபு மணமாகாமலே இறந்தார். ஆதனம் உறவினர் பலருக்குப் பங்காகப் போவதாயிற்று. பிரிபடாப் பங்குகள் என்றால் என்ன என்பதை யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகளுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை! பங்கு பிரிப்பதற்கு விற்பதே வழி என்ற நிலை வந்தது. மாளிகை ஒருவருக்கு, நிலம் இன்னொருவருக்கு, பொருள்கள் ஏலக்காரருக்கு என்று மென்ட்மோரின் கதையே மீண்டும் நிகழவிருந்தது.

இம்முறை நிகழவில்லை. ஏனெனில் மூன்று ஆயுதங்கள் ஆயத்தமாக இருந்தன. 1907 ஆம் ஆண்டின் சட்டம் தந்த நிறுவனம் ஒன்று. 1980 ஆம் ஆண்டின் சட்டம் தந்த நிதியம் மற்றொன்று. இகழ்ச்சி நீங்கி விழித்தெழுந்த மக்களின் மனம் மூன்றாவது. நாஷனல் டிரஸ்ட் பொதுமக்களை நோக்கிக் கைநீட்டிற்று. ஏறத்தாழ நூறு நாட்களில் 82 இலட்சம் பவுண் சேர்ந்தது. பெயர் வெளியிட விரும்பாத இருவர் பெருந்தொகை தந்தனர் என்பது உண்மை. ஆயினும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகை பொதுமக்கள் கொடுத்தது. மரபுரிமை நிதியம் 1 கோடியே 74 இலட்சம் பவுணை வழங்கிற்று. அதுவரை அந்நிதியம் வழங்கியவற்றுள் அதுவே மிகப் பெரிய கொடை. 2002 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மாளிகையும் சூழவுள்ள 540 ஏக்கர் வரையான நிலமும் நாஷனல் டிரஸ்ட்டின் கைக்கு வந்தன.

அவ்வளவு பணத்தை ஒரே மாளிகையிற் கொட்டலாமா என்று அந்நாட்டவரே கேட்டனர். கேட்டது சரியே, மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேளாத நாடு உருப்படாது. அதற்கு நாஷனல் டிரஸ்ட் செயலால் விடை கூறிற்று. பழுது பார்த்து முடியும்வரை கதவை அடைத்து வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, வாங்கிய அவ்வாண்டிலேயே மக்களை உள்ளே விட்டது. கூரை பிரித்துக் கிடந்த காலத்திலும் சாரத்தின் மேல் ஏறி வேலையைப் பார்க்க இடம் கொடுத்தது. தச்சர் செய்யும் வேலை, கற்கொத்தர் செய்யும் வேலை, துணி தைப்போர் செய்யும் வேலை அனைத்தும் மக்கள் கண்முன் நடந்தன. அயலூரார் நூற்றுக்கணக்கில் தொண்டர்களாக முன்வந்தனர். பிரபு வாழ்ந்த மண்டபத்தில் இன்று பள்ளிப் பிள்ளைகள் நடக்கின்றனர்.

கல்லைக் காத்தால் போதுமா?

இப்பொழுது ஒதுக்கி வைத்த கேள்விக்கு வருவோம். சீனத் தொழிலாளியின் கண்ணீர் காய்ந்த பணத்திற் கட்டிய வீட்டைக் காத்தல் தகுமா?

தகும் என்றே நாம் கூறுவோம். ஆனால் ஒரு நிபந்தனையோடு. வீட்டை இடித்தால், இறந்த தொழிலாளி எழுந்து வரப்போவதில்லை. அவன் உழைப்புக்கு எஞ்சியுள்ள சாட்சியமும் அழிந்து போகும். குற்றம் நிகழ்ந்த இடத்தை அழிப்பது குற்றவாளிக்குத்தான் நன்மை என்பது வழக்கறிந்தோர் அறிந்ததே. ஆகவே சாட்சியத்தைக் காக்க வேண்டும். ஆனால் சாட்சியம் வாய் திறந்து பேசவும் வேண்டும். கோபுரத்தின் அழகைச் சொல்லிக் குவானோத் தீவை மறைத்தால், அது காத்தல் அன்று, புனைதல்.

இப்பேச்சு எளிதில் வந்ததன்று. 2020 ஆம் ஆண்டில் நாஷனல் டிரஸ்ட், தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கும் காலனி ஆட்சி, அடிமை முறை ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று. நாட்டின் பெருமையைக் குலைக்கின்றனர் என்றனர் சிலர். அறக்கொடை ஆணைக்குழு விசாரித்து, சட்டம் எதுவும் மீறப்படவில்லை என்று 2021 ஆம் ஆண்டிற் கூறிற்று. உண்மையைச் சொல்லுதல் நம்பிக்கைப் பொறுப்புக்கு மாறானது அன்று என்பதே அதன் பொருள் என்று நாம் கொள்கின்றோம்.

எமது மலைநாட்டை எண்ணிப் பாருங்கள். விக்டோரியா காலத்திலேதான் கோப்பித் தோட்டமும் பின்னர் தேயிலைத் தோட்டமும் அங்கு பரந்தன. குன்றின் உச்சியில் துரையின் பங்களா, பள்ளத்தில் லயம். பங்களாக்களிற் பல இன்று உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகள். அங்கு தங்குவோருக்குத் துரையின் நாற்காலியைக் காட்டுகின்றனர். தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காடுகளைக் கால்நடையாகக் கடந்து வந்து, வழியிலே விழுந்தவர் கதையைச் சொல்வார் உண்டா? பங்களாவைக் காத்து லயத்தை மறந்தால், அரை வழக்கையே நாம் பதிவு செய்தவராவோம்.

எமது சட்டமும் எமது கடமையும்

எமது நாட்டுச் சட்டம் என்ன கூறுகின்றது? 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே புராதனச் சின்னங்கள் என்று வரையறுக்கின்றது. விக்டோரியா அரசியார் அரியணை ஏறியது 1837 ஆம் ஆண்டில். ஆகவே அவர் காலத்துக் கட்டடம் எதுவும் அந்த வரைவிலக்கணத்துள் தானாக வராது. அதற்கென விசேடமாகப் பிரகடனம் செய்தாலன்றிப் பாதுகாப்பு இல்லை. எமது ஊர்களில் நிற்கும் பழைய வீடுகள், பாடசாலை மண்டபங்கள், மடங்கள், கச்சேரிக் கட்டடங்கள் ஆகியவற்றிற் பெரும்பாலானவை அத்திகதிக்குப் பிந்தியவை. கேட்பார் இல்லையேற் காப்பார் இல்லை.

ஆயினும் இவ்வெண்ணம் எமக்குப் புதியது அன்று. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, தேடிய தேட்டம் வேறு, முதுசம் வேறு என்று பிரித்தது. முன்னோரிடமிருந்து வந்ததைத் தான் தேடியதுபோல் எண்ணி ஒருவன் நடந்துகொள்ளலாகாது என்பதே அதன் உட்கருத்து. பங்கு நிலத்தை அந்நியருக்கு விற்குமுன் உடன்பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. ஓர் ஊரின் பழைய மண்டபத்திலே அவ்வூரார் அனைவரும் உடன்பங்காளிகள் அல்லரா? இடிக்குமுன் அவர்களுக்கு ஒரு வார்த்தை அறிவித்தல் ஆகாதா?

இளைஞர்களே! உங்களிடம் நாம் கோருவது பெருந்தொகை அன்று. ஒவ்வோர் ஊரிலும் நூறு வயதைக் கடந்த கட்டடங்களின் பட்டியலை எழுதுங்கள். காணித் தோம்பையும் பழைய உறுதிகளையும் பார்த்து, கட்டியவர் யார், காலம் எது, பணம் வந்த வழி யாது என்பவற்றைக் குறியுங்கள். கல் சுமந்தவர், மரம் அரிந்தவர், சுண்ணாம்பு குழைத்தவர் வழிவந்த முதியோர் இன்னும் இருப்பின், அவர்கள் வாய்மொழியையும் அதே ஏட்டில் எழுதுங்கள். உரிமையாளரைப் பகைக்காதீர்கள், மரணசாதனம் எழுத வருவோருக்கு, வீட்டைப் பொதுக் கைக்கு விட வழி உண்டு என்று எடுத்துக் கூறுங்கள். பட்டியல் ஆயத்தமானதும் பிரதேச சபையிலும் பாராளுமன்றத்திலும் குரல் எழுப்புங்கள். பிரகடனம் செய்யக் கோருங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள். மென்ட்மோரின் மறுப்பு மூன்று ஆண்டுகளிற் சட்டமாக மாறியதை மறவாதீர்கள்.

டின்ட்ஸ்பீல்ட் மாளிகையைக் கட்டியவர் ஒரு செல்வர். கட்டப் பொருள் தந்தவர் பெயரற்ற தொழிலாளர். காத்தவர் சட்டத்தை அறிந்து, தக்க வேளையில் ஒன்றுசேர்ந்த பொதுமக்கள். முதற் கூட்டத்தாரின் பெயர் நிலைத்து நிற்கின்றது. இரண்டாவது கூட்டத்தாரின் பெயரை எழுதும் கடமை மூன்றாவது கூட்டத்தாருடையது. அக்கடமை அங்கு மாத்திரமன்று, இங்கும் காத்துக் கிடக்கின்றது.